மலைக் குழந்தைக்கு ஓர் ஏடு

சாரல் காலம். முதல்நாள் இரவு தென்காசியிலே கூட்டம். மொழி பற்றித்தான் பேச்சு. வேறு எது பற்றி! தாய்மொழி என்றோம், தாய்ப்பால் என்றோம், தமிழுக்கு இன்னல் எனில் தாங்கோம், தாங்கோம் என்று முழங்கினோம். பீடி சுற்றும் தோழியரும், தறி நெய்யும் தோழர்களும், சந்தையில் மூட்டை தூக்கும் தோழர்களும் கை வலிக்கத் தட்டினார்கள். தொண்டை கட்டிப்போன நிலையில், மறுநாள் காலை நாலைந்து பேராகக் குற்றாலம் புறப்பட்டோம்.

வழியிலே மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அந்த நூலைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். பாட்டுக்கு நிலம் கிடைத்தது, நல்லது. 1944-இல் கலாக்ஷேத்திரத்தார் அந்தக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக ஆக்கினார்கள். சென்னைச் சபைகளிலே, பட்டு சரசரக்க அமர்ந்து, பாராட்டினார்கள் சீமாட்டிகள். குறத்தி வந்தாள், மலைவளம் சொன்னாள், குறி சொன்னாள், அதுவும் கவிராயரின் தெள்ளுதமிழில். ஆனால், தோழர்களே! மலையிலே வாழ்ந்த மெய்யான குறத்தி, தன் குடிலிலே, தன் குழந்தையை மடியிலே போட்டுக்கொண்டு எந்த மொழியில் தாலாட்டினாள்? ஏறத்தாழ 300 ஆண்டுகளாக அவளை மேடையில் ஆட விட்டோம்; அவள் வீட்டுப் பேச்சைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை!

இந்த எண்ணம் மேலகரத்தில் எழவில்லை. எழுந்தது என்று சொன்னால் பொய். ஐந்தருவிக்குப் போகிற சாலையோரத்தில்தான் எழுந்தது. அங்கே பெரியவர் ஒருவர், தேன் புட்டிகளை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்திலே பேரன், ஏழெட்டு வயது இருக்கும். வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வந்த பளியர்கள் அவர்கள்.

"தேன் வாங்குங்க சாமி" என்றார்.

"சாமியெல்லாம் வேண்டாம் பெரியவரே, தம்பி என்று கூப்பிடுங்கள்" என்றோம்.

"சரிங்க சாமி" என்றார்!

சிரித்துக்கொண்டே புட்டியைக் கையிலெடுத்தோம். பெரியவர் பேரனைப் பார்த்து ஏதோ சொன்னார். தமிழ் போல இருந்தது, தமிழாக இல்லை. பாதி புரிந்தது, பாதி நழுவிற்று. பேரன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மீண்டும் சொன்னார். பையன் நம்மை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "தாத்தா, சும்மா இரி!" என்றான், சுத்தமான நெல்லைத் தமிழில்.

பெரியவர் முகம் சுருங்கிற்று. "பள்ளிக்கூடத்துல சிரிக்காங்களாம் சாமி. எங்க பேச்சப் பேசுனா கூட இருக்க புள்ளைய சிரிக்காம். அதான் நாலு பேரு முன்னால பேசமாட்டாங்கான்" என்றார்.

முதல்நாள் இரவு மூன்று மணி நேரம் முழங்கிய வாய், அங்கே மூடிக்கொண்டது. காரணம் உண்டு. நாம் படித்த பள்ளியிலும் மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். வாத்தியார் கேள்வி கேட்டார். அவன் தன் வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. எங்கே போனான், ஏன் போனான் என்று அன்று நாம் கேட்கவுமில்லை.

நம் வரலாறு நமக்குத் தெரியும். 1937-இல் இந்தி கட்டாயம் என்றார்கள்; அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்திலேயே மாண்டார்கள். 1965-இல் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். தீக்கு உடலைத் தந்தவர்களும் உண்டு. இந்த வரலாற்றைப் பாடமாகப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பெரிய மொழிக்காரன் நம்மைப் பார்த்து, "உன் மொழி வட்டார மொழி, வீட்டோடு வைத்துக்கொள்" என்று சொன்னபோது நமக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பளியச் சிறுவனுக்கு யார் பெரிய மொழிக்காரன்? நாம்தான்!

இதை ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. கசப்பென்று மருந்தைத் துப்பிவிட முடியுமா?

இப்படி ஒரு சிறுவன் தலைகுனிந்த கதை நம் நாட்டிலே வேறோர் இடத்தில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. ஒரிசாவில், மயூர்பஞ்சு மண்ணில், ரைரங்கபூருக்கு அருகே டாண்ட்போஸ் என்ற சிற்றூரில், 1905-இல் பிறந்தார் ரகுநாத் முர்மு. சந்தால் பழங்குடி. வீட்டிலே பேச்சு சந்தாலி. பள்ளியிலே பாடம் ஒரியா. சந்தாலி மொழி ஒரியாவுக்கு உறவில்லை, இந்திக்கு உறவில்லை, நம் தமிழுக்கும் உறவில்லை. அது முண்டா இனத்து மொழி, தனிக் குடும்பம். ஆகவே பள்ளியில் நுழையும் சந்தால் குழந்தைக்குப் பாடம் என்பது, கண்ணைக் கட்டி இருட்டறையில் விட்டதற்குச் சமம். எல்லாருக்கும் தம் மொழியில் பாடம் இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி முர்முவை விடவில்லை.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மகஜர் கொடுப்பார்கள், மாநாடு கூட்டுவார்கள். நாமும் அதைத்தான் செய்வோம். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. முர்மு செய்தது வேறு. 1925-இல், இருபது வயது இளைஞர், தம் மொழிக்கு ஓர் எழுத்து முறையையே உருவாக்கினார். 'ஒல் சிக்கி' என்று அதற்குப் பெயர். முப்பது எழுத்துகள், அவற்றுள் ஆறு உயிர்.

அந்த எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனெனில் உழைக்கும் தோழர்களுக்கு அதில் ஓர் இன்பம் இருக்கிறது. எழுத்துகளின் வடிவத்தை முர்மு அரண்மனையிலிருந்து எடுக்கவில்லை, கோயில் கல்வெட்டிலிருந்து எடுக்கவில்லை. ஓர் எழுத்து, கதிர் அறுக்கும் அரிவாள். ஓர் எழுத்து, மழைக்கு முளைக்கும் காளான். ஒன்று மலையின் உச்சி. ஒன்று, கால்களால் நெல்லை மிதித்துத் தாள் பிரிக்கும் உழவன். ஒன்று, இரு கையும் ஏந்தி வாங்கும் ஆள். ஒன்று, தடையைக் கண்டு வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை! காட்டிலும் வயலிலும் அந்தக் குழந்தை அன்றாடம் காண்பது எதுவோ, அதுவே அதன் ஏட்டிலும் வந்து உட்கார்ந்தது. முதல்நாள் பள்ளிக்கு வரும் பிள்ளை பலகையைப் பார்க்கிறது. அங்கே அம்மாவின் அரிவாள் இருக்கிறது. அந்தப் பிள்ளை தலைகுனியுமா?

எழுத்து பிறந்தால் போதுமா? அதைப் படிக்க ஏடு வேண்டாமா? பாடம்தலியா என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்த முர்மு, குழந்தைகளுக்கான நூல்களை எழுதினார். 'ஒல் செமெத்' என்பது அரிச்சுவடி. (அரிச்சுவடி என்ற சொல்லில் அரி எப்படி வந்தான் என்று நம் தோழர் ஒருவர் கேட்பார்; அந்த வழக்கை வேறு நாள் வைத்துக்கொள்வோம்.) 'பார்சி போஹா' என்று இன்னொரு தொடக்க நூல். கணக்குக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று. அச்சகத்தில் அந்த எழுத்துக்கு அச்சு ஏது? மரத்திலே செதுக்கி அச்சிட்டுக் காட்டினார். ஊர் ஊராக நடந்தார். மரத்தடியில் சந்தால் மக்களைக் கூட்டி எழுத்தைக் கற்பித்தார்.

இன்னொன்றும் செய்தார், நம் தோழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நாடகம் எழுதினார்! 'பிது சந்தன்' என்று ஒரு நாடகம். காதலர் இருவர், ஒருவருக்கொருவர் தம் உள்ளத்தை எழுதிக் காட்ட எழுத்தைப் படைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் கரு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் போய், "எழுத்தின் பெருமை யாதெனில்" என்று சொற்பொழிவாற்றினால் கொட்டாவிதான் வரும். காதல் கதையாக ஆடிக் காட்டினால்? வீட்டுக்குப் போகும்போதே மணலில் கிறுக்கிப் பார்ப்பான் வாலிபன். 1855-இல் வெள்ளையரையும் வட்டிக்கடைக்காரரையும் எதிர்த்துக் கிளம்பிய சந்தால் எழுச்சியின் தலைவர்கள் சிது, கானு பற்றியும் நாடகம் எழுதினார். கொட்டகை மேடையைக் கொள்கை மேடையாக்கியது நம் இயக்கம் மட்டும்தான் என்று நாம் மார்தட்டுவதுண்டு. மயூர்பஞ்சிலே ஒரு பள்ளி ஆசிரியரும் அதே வேலையைச் செய்திருக்கிறார்.

எதிர்ப்பு இல்லாமல் இருந்ததா? சந்தால் மக்கள் ஒரிசா, வங்காளம், பீகார், அசாம் என்று பல மாநிலங்களில் பிரிந்து கிடந்தார்கள். ஓரிடத்தில் ஒரியா எழுத்தில் சந்தாலி, ஓரிடத்தில் வங்க எழுத்தில், ஓரிடத்தில் தேவநாகரியில். பாதிரிமார் ரோமன் எழுத்தில் நூல்கள் அச்சிட்டார்கள். போடிங் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார் ஐந்து தொகுதிகளில் சந்தாலி அகராதியே செய்தார். புதிதாக ஓர் எழுத்து எதற்கு, இருப்பது போதாதா என்றவர்கள் உண்டு. அந்த வாதத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஏற்கெனவே இருந்த எழுத்தில் ஏடுகள் இன்னும் விரைவாகப் பெருகியிருக்கலாம். ஆனால் சிதறிக் கிடந்த மக்கள் "இது எங்களுடையது" என்று கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டியிருந்தது. அதை அவர் தந்தார்.

1979-இல் மேற்கு வங்க அரசு ஒல் சிக்கியை ஏற்றது. 1982-இல் முர்மு மறைந்தார். 2003-இல், 92-ஆவது திருத்தத்தின் வழியாக, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சந்தாலி இடம் பெற்றது. 2011 கணக்கின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். அதே மயூர்பஞ்சு மண்ணின் சந்தால் பெண்மணி திரௌபதி முர்மு 2022-இல் குடியரசுத் தலைவரானார். பதவியைக் காட்டி நாம் மயங்குவதில்லை என்றாலும், மண்ணைச் சொல்லத்தான் வேண்டும். ஒரிசா அரசு 2006–07 கல்வியாண்டில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது; பின்னர் மொழிகளின் எண்ணிக்கை 21 ஆயிற்று. ஒரிசாவில்! நம்மைவிட ஏழை மாநிலம் என்று நாம் பேசுகிறோமே, அங்கே!

சரி, சந்தால் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நம் மலைகளில்?

இங்கேதான் இன்னொரு கதை. இதுவும் ஒரு பழங்குடி மனிதரின் கதை, நம் நீலகிரியில் நடந்தது, முடிவு வேறு.

நெல்லைச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசாத மேடை நமக்கு உண்டா? திராவிடம் என்ற சொல்லுக்கு அறிவுலகில் இருக்கை போட்டுத் தந்த நூல். அந்த நூலிலே தமிழோடு, தெலுங்கோடு, கன்னடத்தோடு, மலையாளத்தோடு தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இருக்கின்றன. நம் உடன்பிறந்த மொழிகள் என்று கால்டுவெல் அன்றே சொல்லிவிட்டார். ஆனால் 'திருந்திய மொழிகள்', 'திருந்தாத மொழிகள்' என்று இரண்டு வரிசை போட்டார். இந்த இரண்டும் பின்வரிசைக்குப் போயின. நாம் முன்வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

கோத்தர்கள் ஏழே ஊர்க்காரர்கள். இரும்படிப்பவர், மண்பாண்டம் வனைபவர், தச்சர், இசைக் கருவி வாசிப்பவர், எல்லாம் அவர்களே. சுற்றிலும் இருந்தவர்கள் அவர்கள் செய்த அரிவாளை வாங்கிக்கொண்டு, அவர்களைத் தாழ்த்தியும் வைத்தார்கள். அவர்களில் சுள்ளி என்று ஒருவர் படித்தார், ஆங்கிலமும் கற்றார், ஆசிரியரானார். பழைய வழக்கத்தை மீறிக் குடுமியை வெட்டினார்; ஊரார் சீறினார்கள். 1930-களின் நடுவில் எமனோ என்ற மொழியறிஞர் நீலகிரிக்கு வந்தபோது, கோத்தர் கதைகளைச் சொன்னவர் இந்தச் சுள்ளி. நினைவிலே வைத்திருந்த கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார், எமனோ எழுதிக்கொண்டார். 1944 முதல் 1946 வரை அவை நூல்களாக வெளிவந்தன. எங்கே? கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாக! எமனோ பெரிய அறிஞர். பர்ரோவுடன் சேர்ந்து 1961-இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தந்தவர். நமக்குச் செய்த தொண்டு பெரிது. அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். அவர் எழுதியிராவிட்டால் அந்தக் கதைகளில் பல காற்றோடு போயிருக்கும். நம் குறையெல்லாம் வேறு. கோத்தர் கிழவி சொன்ன கதை கடல் கடந்து கலிபோர்னியா அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. கோத்தகிரிப் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. கோத்தர் குழந்தையின் கையில் வண்ணப்படம் போட்ட ஒரு கதை ஏடாக அது வர வேண்டாமா? சுள்ளிக்கும் முர்முவுக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒருவர் சொன்னது அறிஞருக்குப் போயிற்று. மற்றவர் எழுதியது குழந்தைக்குப் போயிற்று.

கோத்தர், தோடர் இரு சாராரும் தலைக்கு ஈராயிரம் பேர் அளவில் இருப்பவர்கள். இதிலே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் 1,652 தாய்மொழிகளின் பெயர்கள் பதிவாயின. 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயரைத் தனியே வெளியிடுவதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். 'மற்றவை' என்று ஒரே கோணிப்பை! கோத்தர் மொழி அந்தப் பையில். தோடர் மொழி அந்தப் பையில். தேர்தலில் ஓட்டு ஒன்றானாலும் எண்ணுகிறார்கள். மொழிக்கு மட்டும் பத்தாயிரம் தலை வேண்டுமாம்!

மற்றவை, மற்றவை என்று தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அந்தமானில் ஆனது. போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். 'அகா-போ' மொழி பேசிய கடைசி ஆள் அவர். மொழியறிஞர் அன்விதா அப்பி அவருடன் இருந்து பேச்சைப் பதிவு செய்தார். தன் மொழியில் பேச ஒரு மனிதர்கூட இல்லாமல், அந்த அம்மையார் பறவைகளிடம் பேசிக்கொண்டிருந்தாராம். தென்காசிக் கோபுரம் இடிந்து மொட்டையாய் நெடுங்காலம் நின்றது. 1990-இல் மீண்டும் ஒன்பது நிலையாக எழுப்பிவிட்டார்கள். கல் இருக்கிறது, கொத்தன் இருக்கிறான், பணம் திரட்டினால் கோபுரம் எழும். போவாவின் வாயில் இருந்த மொழியை எந்தக் கொத்தனைக் கொண்டு எழுப்புவது?

ஆஸ்திரேலியக் கண்டத்திலே 1788-இல் வெள்ளையர் குடியேறியபோது, தொல்குடிகளின் மொழிகள் 250-க்கும் மேல் இருந்தன. பிறகு நடந்தது கொடுமை. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. 2008-இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். இன்று அங்கே மொழியை மீட்கும் வேலையில் முன்நிற்பவர்கள் யார் தெரியுமா? பாட்டிமார்கள்! தொல்குடி மூதாட்டி ஜாய் மர்பி வாண்டின், தம் வொய்வுருங் மொழிச் சொற்களைக் கோத்து, தம் மண்ணுக்கு வருவோரை வரவேற்கும் முறையைப் படநூலாக எழுதினார், 2016-இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கான நூல். தொல்குடிக் குழந்தையும் படிக்கிறது, வெள்ளைக் குழந்தையும் படிக்கிறது. சிரித்த வகுப்பும் படித்தால்தானே சிரிப்பு நிற்கும்!

"அதெல்லாம் சரி, கையளவு பேர், தமிழையும் ஆங்கிலத்தையும் படித்து முன்னேறட்டுமே, மலைமொழி எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். தமிழ் படிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? படிக்கட்டும், ஆங்கிலமும் படிக்கட்டும், வழக்கறிஞராகட்டும், மருத்துவராகட்டும். ஆனால் வீட்டு மொழியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா என்று பிள்ளையிடம் சொல்லாதே என்கிறோம். "இந்தி படித்தால் முன்னேறலாமே, உன் மொழி எதற்கு?" என்று நம்மைக் கேட்டவர்களும் நல்லெண்ணம் பேசியவர்கள்தான்!

இன்னொரு கணக்கும் உண்டு. குற்றால மலைக்குத் தெற்கே, அதே தொடரில், பொதிகை. அங்கே காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். பாபநாசம் மலைமேலும் இருக்கிறார்கள், கேரளத்துப் பக்கமும் இருக்கிறார்கள். 1987-இல் கேரளத்துப் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் சிலர் காணி வழிகாட்டிகளுடன் மலையேறினார்கள். அறிஞர்கள் மூச்சு வாங்குகிறார்கள்; காணிகள் களைப்பே இல்லாமல் நடக்கிறார்கள்; நடக்கையில் ஏதோ ஒரு காயைத் தின்கிறார்கள். துருவித் துருவிக் கேட்டதில் 'ஆரோக்கியப்பச்சை' என்ற செடி வெளிப்பட்டது. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உண்டாயிற்று; உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடும் நடந்தது. ஒரு செடியின் குணம், காட்டு மனிதரின் பேச்சிலே பொதிந்து கிடந்தது. அந்தப் பேச்சிலே இன்னும் எத்தனை செடிகள்! தாத்தாவின் சொல் பேரனுக்குத் தெரியாமல் போகும் நாளில், செடி அங்கேயே நிற்கும். அதை இன்னதென்று சொல்ல ஆள் இருக்காது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களையும், கூடவே சௌராட்டிர, படுகர் மொழிகளையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்றோம், கை தட்டினோம். தட்டிய கையோடு ஒன்று சொல்கிறோம். ஆவணம் என்பது அலமாரிக்கு. ஒலிநாடா என்பது ஆராய்ச்சிக்கு. சுள்ளியின் கதைக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேரக்கூடாது. பதிவு செய்த கதையிலிருந்து இருபது பக்கம் எடுத்து, தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு, மறுபக்கத்தில் தமிழும் சேர்த்து, அந்த ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ப் போடுவதற்கு எத்தனை கோடி வேண்டும்? நம் வட்டக் கிளைகள் சுவரொட்டிக்குச் செலவழிக்கும் தொகை போதும். புது எழுத்துகூடத் தேவையில்லை. தேவை, சொல்லக்கூடிய தாத்தா, கேட்டு எழுதக்கூடிய ஒரு தோழர்.

அன்று ஐந்தருவிச் சாலையில் நாமும் அதைத்தான் செய்து பார்த்தோம். தேனுக்குக் காசு கொடுத்துவிட்டு, "பெரியவரே, உங்கள் பேச்சிலேயே ஒரு கதை சொல்லுங்கள்" என்றோம். நம்பாமல் பார்த்தார். கேலி செய்கிறோமோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு தொடங்கினார், கரடியும் தேனும் பற்றி. நம் தோழர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து முதல்நாள் கூட்டத்துத் துண்டறிக்கையை எடுத்தார். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கேட்கக் கேட்கத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

ஒரு சொல்லிலே தடுக்கிற்று. எழுதினார், வாசித்தார், பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். அடித்துவிட்டு மீண்டும் எழுதினார். மீண்டும் இல்லை. அதுவரை தலைகுனிந்து கிடந்த பேரன் எழுந்து வந்தான். தோழரின் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்தான். "அப்படியில்ல. இப்படி" என்று, அந்தச் சொல்லைத் தாத்தாவைப் போலவே சொன்னான். மூன்று முறை சொல்லிக் காட்டினான். தோழர் எழுதி முடித்து வாசித்தபோது, பையன் சிரித்தான்.

கதை முடிந்து நாம் கிளம்புகையில் அவன் கேட்டான்: "அந்தத் தாள எனக்குத் தருவீகளா?"

கொடுத்தோம். வாங்கி, பின்பக்கத்தை மேலாக வைத்து, மடிக்காமல் பிடித்துக்கொண்டான். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நம் பெயரும், 'தாய்மொழி காக்கத் திரண்டு வாரீர்' என்ற அழைப்பும் இருந்தன.